இடக்கரடக்கலும் ஒரு மருத்துவ வினாத்தாளும்



இன்றைய பொழிவின் பொருளை அறிவிப்பில் கண்ட சிலர், அச்சுப்பிழையோ என்று ஏற்பாட்டாளர்களை வினவியதாக அறிந்தோம். பிழையன்று. மலத்தை அடக்க இயலாமை என்னும் நோய்நிலையைப் பற்றியும், அதற்குப் பெருங்காரணமாகிய குதச் சுருக்குத்தசைக் காயத்தைக் கண்டறியும் சோதனைகளைப் பற்றியுமே பேச வந்திருக்கிறோம். நாம் மருத்துவர் அல்லர். தமிழின் சொற்பொருளையும் தொடரமைப்பையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தும் கற்பித்தும் ஓய்ந்தவர். அப்படியிருக்க இப்பொருளில் நமக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலை நாமாகத் தேடிப்போனதன்று, தேடி வந்தது.

பணி ஓய்வுக்குப் பின் ஒரு நாள், ஒரு மருத்துவமனையிலிருந்து சில தாள்கள் வந்தன. ஆங்கில வினாத்தாள் ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்த்துத் தர வேண்டும் என்பது வேண்டுகோள். ஐந்தே வினாக்கள். அரைமணி நேர வேலை என்று எண்ணி ஒப்புக்கொண்டோம். ஐந்து மாதம் ஆயிற்று.

அவ்வினாத்தாளின் மூலம், 1993ஆம் ஆண்டில் ஜோர்ஜ், வெக்ஸ்னர் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் அமைத்த மதிப்பீட்டு முறையாகும். கெட்டியான மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுகிறதா, நீர்த்த மலம் அவ்வாறு வெளியேறுகிறதா, காற்றுப் பிரிவதை அடக்க முடியவில்லையா, அதற்காக அணையாடை வைத்துக்கொள்ள நேர்கிறதா, இவற்றால் வாழ்க்கைமுறை மாறியிருக்கிறதா என்று அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை ஐந்து படிகள். 0 முதல் 4 வரை மதிப்பெண்கள். கூட்டுத்தொகை 0 என்றால் முழுக் கட்டுப்பாடு உண்டு. 20 என்றால் கட்டுப்பாடு முற்றிலும் இல்லை. 1999இல் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையார் வெளியிட்ட வேறொரு மதிப்பீடு, மலம் கழிக்கும் உந்துதலைக் கால் மணி நேரம் தள்ளிப்போட முடிகிறதா என்பதையும் சேர்த்துக்கொண்டு 24 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுகிறது.

நம் கைக்கு வந்த தமிழாக்கத்தின் முதல் வினா இவ்வாறு இருந்தது: ‘உங்களுக்குக் குடல் விபத்து ஏற்படுவதுண்டா?’ ஆங்கிலேயர் இத்தகைய நிகழ்வை நாகரிகமாக ‘ஆக்சிடென்ட்’ என்பர். அதுவும் ஓர் இடக்கரடக்கலே. ஆங்கிலத்தின் இடக்கரடக்கல் சொல்லுக்குச் சொல்லாகத் தமிழுக்கு வந்தபோது, மறைப்பு மட்டும் வந்தது. மறைக்கப்பட்ட பொருள் வந்து சேரவில்லை. இவ்வினாவைக் கேட்ட ஒரு மூதாட்டியார், “எனக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, மகன்தான் மோட்டார் சைக்கிளில் விழுந்தான்” என்றாராம். தாதி அதற்குரிய கட்டத்தில் 0 என்று எழுதிக்கொண்டார்.

மொழிபெயர்ப்பு மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவ வினாத்தாள்களைச் சரிபார்க்க மறுமொழிபெயர்ப்பு என்றொரு வழி உண்டு. தமிழாக்கத்தை மூலம் அறியாத ஒருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடுவர். ‘குடல் விபத்து’ இந்தத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுத் தேறியிருந்தது! சொல்லுக்குச் சொல் பெயர்த்தது சொல்லுக்குச் சொல் திரும்பிச் செல்லத்தானே செய்யும். நல்ல தமிழில் எழுதியிருந்தால்தான் சிறிது வேறுபட்டுத் திரும்பியிருக்கும். ஆகவே அவ்வழியில் கிடைக்கும் ஒப்புமையை மட்டும் நம்புவது, பிழைக்கே நற்சான்று வழங்குவதாக முடியும்.

அடுத்து ‘எப்போதாவது’ என்னும் சொல் இடறியது. வினாவில் அது ‘என்றேனும் ஒருமுறையாவது’ என்று பொருள்படும். விடையில் ‘அரிதாக’ என்று பொருள்படும். ‘எப்போதாவது இப்படி நேர்வதுண்டா?’ என்று கேட்டு, விடைப்பட்டியலிலும் ‘எப்போதாவது’ என்று வைத்தால், ‘உண்டு’ என்று சொல்ல விரும்பியவர் அனைவரும் அக்கட்டத்தையே தொடுவர். நாள்தோறும் துன்புறுபவரும் 1 மதிப்பெண்தான் பெறுவார். ஆங்கில மூலம் அளவுகளைத் தெளிவாகவே தந்திருக்கிறது: மாதத்தில் ஒருமுறைக்கும் குறைவு, மாதத்தில் ஒருமுறையேனும், வாரத்தில் ஒருமுறையேனும், நாள்தோறும். அவ்வளவுகளை நாம் விடைகளாகவே எழுதிவிட்டோம்.

எதிர்மறை வினாவும் தொல்லை தந்தது. ‘அடக்க முடிவதில்லையா?’ என்றால் தமிழர் ‘ஆமாம்’ என்பர். முடிவதில்லை என்பது அதன் பொருள். ஆங்கில வழக்கில் பழகிய, தமிழறியாத தாதியர் அந்த ‘ஆமாம்’ என்பதை ‘முடிகிறது’ என்று கொள்ள இடமுண்டு. மொழிபெயர்ப்பாளர் அருகில் இல்லாத நாள்களில் அப்படி எத்தனை தாள்கள் நிரப்பப்பட்டனவோ!

உடன்பாட்டில் ‘அடக்க முடிகிறதா?’ என்று மாற்றிப் பார்த்தோம். அப்போது ஒரு பாட்டியார், “அதை ஏன் அடக்க வேண்டும்? அடக்கினால் நோய் வருமென்று சொல்வார்களே” என்று திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சித்த மருத்துவம் அடக்கலாகாத பதினான்கு வேகங்களைக் கூறும். மலமும் கீழ்க்காற்றும் அவற்றுள் அடங்கும். தமிழ்ச் செவியில் ‘அடக்குதல்’ என்பது திறனாக ஒலிப்பதில்லை, தீய பழக்கமாக ஒலிக்கிறது. முடிவில், ‘கழிப்பறைக்குப் போய்ச் சேரும்வரை தாங்குகிறதா?’ என்னும் வடிவம் நின்றது.

இவ்வளவும் சொல்லாராய்ச்சிதானே, உயிர்போகும் செய்தியா என்று நினைக்கலாம். உடலுக்குள் நிகழ்வதைச் சற்றுப் பார்த்தால் இதன் எடை விளங்கும்.

நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைவுகூருங்கள். கயிற்றை இழுத்தால் வாய் மூடும். ‘ஸ்பிங்க்டர்’ என்னும் மருத்துவச் சொல், இறுகக் கட்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியாகப் பிறந்தது. ‘சுருக்குத்தசை’ என்னும் தமிழாக்கம் அதனினும் அழகியது. ஆனால் உடலின் இச்சுருக்குப்பைக்குக் கயிறு ஒன்றன்று. உள்வளையம் நம் விருப்பத்தை எதிர்பாராமல் உறக்கத்திலும் இறுகியே இருப்பது. ஓய்வுநிலையில் வாய் மூடியிருப்பதற்குப் பெரும்பங்கு அதனுடையது. வெளிவளையம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. திடீரென்று உந்துதல் வரும்போது இறுக்கிப் பிடிப்பது அதுவே. இவற்றுக்கு மேலே குடலைப் பின்னிருந்து முன்னிழுத்து வளைத்துப் பிடிக்கும் தூளி போன்றதொரு தசையும் உண்டு.

சித்தர் மரபில் எருவாய், கருவாய் என இரு சொற்கள் இணையாக வழங்குகின்றன. கழிவு வெளியேறும் வாயும் கரு வெளிவரும் வாயும் அத்துணை அருகருகே அமைந்தவை. மூலாதாரம் என்று யோகியர் குறிப்பதும் அவ்விடைவெளியையே. குழந்தையின் தலை வெளிப்படும்போது அவ்விடைவெளி கிழியலாம். தோல் மட்டும் கிழிந்தால் முதல்நிலை; அடித்தளத் தசையும் கிழிந்தால் இரண்டாம் நிலை. சுருக்குத்தசையைத் தொட்டுவிட்டால் மூன்றாம் நிலை. வெளிவளையத்தின் கனத்தில் பாதிக்கும் குறைவாகவோ, பாதிக்கு மேலாகவோ, உள்வளையமும் சேர்ந்தோ கிழிந்திருப்பதற்கேற்ப அது மூன்றாகப் பகுக்கப்படும். குடலின் உட்படலமும் கிழிந்தால் நான்காம் நிலை. சுல்தான் என்னும் மகப்பேற்று மருத்துவர் 1999இல் வகுத்த இப்பகுப்பே பின்னர்ப் பரவலாக ஏற்கப்பட்டது. மகப்பேறு ஒன்றே காரணம் என்று கொள்ளற்க. மூலம், பவுத்திரம் ஆகியவற்றுக்கான அறுவை, நீண்டகால நீரிழிவு, நரம்புத் தளர்ச்சி, முதுமை ஆகியனவும் காரணமாகலாம். ஆடவரும் இதற்கு விலக்கல்லர். ஆயினும் பெண்களிடத்தில் இதன் வேர் பெரும்பாலும் பேற்றறையில் இருக்கிறது.

1993இல் அதே சுல்தானும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. இயல்வழியில் முதற்பேறு கண்ட 79 பெண்களை ஆறு வாரம் கழித்து மீயொலிக் கருவியால் நோக்கினர். 28 பேருக்கு, அதாவது 35 விழுக்காட்டினருக்கு, சுருக்குத்தசையில் முறிவு தென்பட்டது. அவர்களுள் எவருக்கும் பேற்றுக்கு முன் அம்முறிவு இல்லை. கட்டுப்பாடின்மையோ தாளாத அவசரமோ தோன்றியதாகச் சொன்னவர்கள் 10 பேர் மட்டுமே. வெளியே தெரியாமல் உள்ளே முறிந்திருந்த இக்காயங்களுக்கு ஆங்கில மருத்துவர், மறைந்துள்ளது என்னும் பொருள்தரும் இலத்தீனச் சொல்லைச் சூட்டினர்.

அப்பெயர் சரிதானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. 2006இல் வெளியான மற்றோர் ஆய்வில், முதன்முறை இயல்வழியில் பெற்றெடுத்த 241 பெண்களைப் பேற்றறையிலேயே பயிற்சி மிக்க ஒருவர் மறுபடி கையால் சோதித்தார். முதலில் சோதித்தோர் 11 விழுக்காட்டினரிடம் கண்ட சுருக்குத்தசைக் காயம், இப்போது 24.5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. கருவியால் மட்டுமே காணக்கூடியதாக, உண்மையிலேயே மறைந்திருந்த காயம் மூவருக்கே இருந்தது. எஞ்சியவை மறைந்திருந்தவை அல்ல. பார்க்கத் தெரியாதவர் பார்த்தமையால் காணப்படாதவை. ‘மறைந்தது’ என்னும் தன்வினை, ‘தவறவிட்டோம்’ என்று சொல்லியிருக்க வேண்டிய எழுவாயை எவ்வளவு எளிதாக விழுங்கிவிடுகிறது, பாருங்கள். வகுப்பறையில் தன்வினை பிறவினை நடத்தும் ஆசிரியர்கள் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம், மாணவர் மறக்கமாட்டார்கள்.

ஆக, முதற்சோதனை கையாற் செய்வது. ஒவ்வோர் இயல்வழிப் பேற்றுக்குப் பின்னும், கிழிசல் சிறிதாகத் தோன்றினாலும், குதத்தினுள் ஒரு விரலும் வெளியே பெருவிரலுமாகத் தசையை உருட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பொருட்செலவு இல்லை. பயிற்சியும் மனமும் போதும்.

ஆண்டுகள் கழித்து வருபவர்க்கு மீயொலிச் சோதனை செய்வர். 1980களின் இறுதியில் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் உருப்பெற்ற முறை அது. விரற்கனமுள்ள ஆய்கோலை உள்ளே வைத்தால், முழுவட்டமாக ஒலியலை பரப்பிப் படம் தரும். உள்வளையம் கருமையாகவும், அதனைச் சூழ்ந்த வெளிவளையம் வெளிறியும் தோன்றும். முறிவு இருக்குமிடத்தில் வளையம் அறுந்து நிற்கும். அதனைக் கடிகார முகமாகக் கொண்டு, ‘10 மணி முதல் 2 மணி வரை முறிவு’ என்று எழுதுவர். மகப்பேற்றுக் காயம் பெரும்பாலும் 12 மணியைச் சூழ்ந்த முன்புறத்திலேயே இருக்கும். சில நிமிட வேலைதான். காந்த ஒத்ததிர்வுப் படமும் சிலருக்குத் தேவைப்படும். தசை மெலிந்து கொழுப்பாகியிருப்பதை அது நன்கு காட்டும்.

படம் தசையின் வடிவத்தைச் சொல்லும், அதன் வலிமையைச் சொல்லாது. அதற்கெனத் தனியே அழுத்தமானிச் சோதனை உண்டு. அழுத்த உணரிகள் பதித்த மெல்லிய குழாயைச் செலுத்தி, ஓய்வுநிலையில் எவ்வளவு அழுத்தம், இறுக்கும்போது எவ்வளவு என்று மில்லிமீட்டர் பாதரச அளவில் குறிப்பர். ஓய்வழுத்தம் குறைந்தால் உள்வளையத்தின் மீதும், இறுக்கழுத்தம் குறைந்தால் வெளிவளையத்தின் மீதோ அதன் நரம்பின் மீதோ ஐயம் எழும்.

இச்சோதனை எந்திரத்தின் வேலை என்றுதான் நாமும் கருதியிருந்தோம். சோதனைக்குரிய ஆணைகளின் தமிழ்ப்பட்டியலைப் பார்த்தபின் அக்கருத்து மாறியது. இறுக்கச் சொல்லும் ஆணைக்கு நேராக ‘பிழியுங்கள்’ என்று எழுதியிருந்தனர். ஈரத்துணியைப் பிழியலாம், எலுமிச்சையைப் பிழியலாம். படுத்திருக்கும் ஒரு பெண் எதைப் பிழிவார்? சிலர் கைவிரல்களை மடக்கினர். சிலர் வயிற்றை எக்கினர். தசையில் அழுத்தம் ஏறவில்லை. திரையில் தாழ்ந்த எண் தோன்ற, ‘இறுக்கும் வலிமை குறைவு’ என்று பதிவாயிற்று. வலிமை குறைந்திருந்தது தசையில் அன்று, வினைச்சொல்லில். ‘பலர் நடுவே காற்றுப் பிரியாமல் பிடித்துக்கொள்வது போல இறுக்குங்கள்’ என்று மாற்றியபின் அந்தக் குழப்பம் நின்றது. மாறாக, கீழ்நோக்கி அழுத்தச் சொல்லும் ஆணைக்கு ‘சிரமப்படுங்கள்’ என்று எழுதி வைத்திருந்தனர். ‘முக்குங்கள்’ என்று சொன்னால் போதும். பிள்ளைப்பேற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் பொதுவாக, இத்தனை துல்லியமான ஒரு சொல்லைத் தமிழ் வைத்திருக்க, அதை எழுதக் கூசியவர் யாரென்று தெரியவில்லை.

அதே சோதனையின் இன்னொரு பகுதியில் குடலினுள் சிறு பலூனை வைத்துச் சிறிது சிறிதாகக் காற்றடைப்பர். ‘ஏதோ இருப்பது தெரிகிறது’ என்று முதலில் உணரும் கொள்ளளவு, ‘போக வேண்டும் போலிருக்கிறது’ என்னும் கொள்ளளவு, ‘இனித் தாங்காது’ என்னும் கொள்ளளவு ஆகியவற்றைக் குறிப்பர். இங்கே அளவுகருவி நோயாளியின் வாய்ச்சொல்லே. நாணத்தால் அவர் பொறுத்துக்கொண்டு வாய் திறவாதிருந்தால், குடலின் உணர்வு மங்கிவிட்டதாக ஏடு சொல்லும்.

நாணம் என்றதும் இலக்கணத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குவார். ‘கால் கழுவி வந்தான்’ என்னும் எடுத்துக்காட்டை இங்கே கற்பிக்காத ஆசிரியர் இருக்கமாட்டார். தொல்காப்பியரோ இதற்கு ‘அவையல்கிளவி’ என்று பெயர் தருகிறார்; அவைக்கு ஆகாத சொல் என்பது பொருள். அவையில் மறைத்துச் சொல் என்பதே விதி. அதற்கடுத்து, நெடுங்காலம் வழங்கி மருவிய சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்று விலக்கும் தருகிறார். நாம் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு விலக்கை விட்டுவிட்டோம். மருத்துவர் அறை அவையன்று. இருவர் மட்டும் இருக்கும் அவ்விடத்தில் மலம், குதம், காற்று என்பவை வெறும் உடற்சொற்களே.

மறைக்கும் சொல்லுக்கு ஆயுளும் குறைவு. டச்சு மொழியிலிருந்து வந்த ‘கக்கூஸ்’ தமிழிலும் மலாயிலும் ஒருகாலத்தில் தடையின்றி வழங்கியது. இன்று நம் பிள்ளைகள் அதைச் சொல்லக் கூசுகின்றனர். ‘வெளிக்குப் போதல்’ என்பது கழிப்பறை வீட்டுக்குள் வந்தபின் பொருளற்றுப் போய்விட்டது. அறுபது வயதுப் பெண்ணும் இருபது வயதுத் தாதியும் ஒரே தமிழ்தான் பேசுகின்றனர். ஆனால் ஒருவரின் மறைசொல் மற்றவருக்கு விளங்குவதில்லை.

வினாத்தாளின் ஐந்தாம் வினாவுக்கு வருவோம். ‘இதனால் உங்கள் வாழ்க்கைமுறை மாறியிருக்கிறதா?’ தமிழ் குற்றமற்றது. திருத்த ஒன்றுமில்லை என்று கருதி மூடிவைத்தோம். அன்றிரவு நம் அன்னையாரின் நினைவு வந்தது.

அவர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயன் வீட்டில் மருத்துவச்சியின் கையால் ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பேருந்தில் புறப்படுவதென்றால் முந்திய நாள் மாலையிலிருந்தே உண்ணமாட்டார். விரதம் என்பார். நாம் அவர் பக்தியை மெச்சி வளர்ந்தோம். ஈப்போவில் உறவினர் திருமணத்துக்குப் போனபோதும் அவர் உண்ணவில்லை. அன்று எந்த விரத நாளும் இல்லை. மண்டபத்தில் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தார். வெளிர்நிறச் சேலை அவர் கட்டி நாம் கண்டதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். எந்தச் சோதனையும் செய்யப்படாதவருக்கு இன்ன நோய் என்று இப்போது பெயர் சூட்ட நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். ‘வாழ்க்கைமுறை மாறியிருக்கிறதா?’ என்று அவரைக் கேட்டிருந்தால், இல்லை என்றே சொல்லியிருப்பார். முப்பது ஆண்டுகளாக அதுவே அவர் வாழ்க்கைமுறை. மாறியது என்று சொல்ல, மாறுவதற்கு முன்பிருந்தது நினைவில் இருக்க வேண்டுமே.

மறுநாள் நாம் மருத்துவமனைக்கு எழுதினோம். ‘வெளியூர் போகும் நாளில் உண்ணாமல் இருப்பதுண்டா? எங்கே போனாலும் கழிப்பறை எங்கிருக்கிறது என்று முதலில் பார்த்துவைப்பதுண்டா? இதற்கென்றே அடர்நிற உடை உடுப்பதுண்டா?’ என்று ஐந்தாம் வினாவைப் பிரித்துக் கேட்கலாம் என்று முன்மொழிந்தோம். உலகப் பொதுவான மதிப்பீட்டில் வினாவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்று விடை வந்தது. அவர்கள் கூற்று முறையானதே. மதிப்பெண்களை நாடு கடந்து ஒப்பிட வேண்டுமானால் வினாக்கள் ஒன்றாக இருத்தல் வேண்டும். சில கடிதங்களுக்குப் பின் ஒரு வழி பிறந்தது. அம்மூன்று வினாக்களும் மதிப்பெண் இல்லாத தனித்தாளில் அச்சாயின. தாதி அவற்றை முதலில் வாய்மொழியாகக் கேட்பார். அதன் பிறகே மதிப்பீட்டுத் தாளை எடுப்பார்.

கேட்டு என்ன பயன் என்போர்க்கு ஒரு சொல். கண்டறிந்தால் செய்யக்கூடியவை உண்டு. இடுப்புத்தளப் பயிற்சி, அழுத்தத்தைத் திரையிற் கண்டு இறுக்கப் பழகும் பயிற்சி, உணவு மாற்றம், மருந்து, தசையைத் தைத்தல், திரிக நரம்பைத் தூண்டும் சிறு கருவி எனப் பல படிகள் இருக்கின்றன. முன்பு காயமுற்ற பெண் மறுபடி கருவுற்றால், அறிகுறியையும் மீயொலிப் படத்தையும் அழுத்த அளவையும் வைத்து, அடுத்த பேறு இயல்வழியிலா, அறுவையிலா என்பதை அவரோடு கலந்து முடிவெடுக்கலாம். இவை அனைத்தும் ஒருவர் வாய்திறந்து சொன்ன பிறகே தொடங்கும்.

தனித்தாள் வழக்கத்துக்கு வந்து சில மாதம் கழித்து, அதைக் கேட்கும் தாதியார் ஒருவரைச் சந்தித்தோம். தமிழ்ப்பெண்தான், இங்கேயே படித்தவர். மூன்று வினாக்களில் எதற்கு மிகுதியான விடை கிடைக்கிறது என்று கேட்டோம். முதல் வினாவுக்கு என்றார். பலர் உடனே விடை சொல்வதில்லையாம். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றுதான் முதலில் கேட்கிறார்களாம்.